என் மின்னஞ்சலைத் திறந்து வாசிப்பவர் யாரென அறியத் தருமாறு கோரல்

அனுப்புநர்:
திருமதி புஸ்பராணி தவராசா,
உவர்மலை, திருகோணமலை.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், திருகோணமலை.

விடயம்: எனது மின்னஞ்சல்கள் பிறரால் வாசிக்கப்படுவதும், அதனால் என் தம்பியின் கடற்றொழில் அனுமதி நிறுத்தப்பட்டிருப்பதும் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. நான் இவ்வூர்ச் சட்டத்தரணி ஒருவரின் காரியாலயத்தில் தட்டெழுத்தாளராக வேலை செய்கிறேன். என் கணவர் தவராசா கட்டார் நாட்டில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டுகிறார். தொலைபேசி இணைப்பு இங்கு நிலையாக இல்லாதபடியால் மின்னஞ்சல் மூலமே நாங்கள் குடும்பம் நடத்தி வந்தோம் என்று சொன்னால் அது மிகையாகாது. சந்தைக்கு அருகில் திரு. கலீலுர் றஹ்மான் நடத்தும் இணைய நிலையத்துக்கு ஞாயிறுதோறும் சென்று எழுதுவேன். அங்குள்ள கணினிகளில் தமிழ் எழுத்து இல்லை. ஆகவே தமிழை ஆங்கில எழுத்துகளில் அடிப்பது என் வழக்கம்.

2. என் தம்பி குலசிங்கம் இறக்கக்கண்டியில் மீன்பிடிப்பவர். கடந்த சித்திரையில் படகைக் கரையேற்றும்போது இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். தம்பிக்கு வலி கூட, குறையவேயில்லை என்று கணவருக்கு எழுதினேன். ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ‘வலி’ என்பதும் ‘வழி’ என்பதும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதைத் தாங்கள் தயவுகூர்ந்து கவனிக்க வேண்டும்.

3. சில நாட்களின் பின் சீருடை அணியாத இருவர் தம்பியின் வீட்டுக்கு வந்து அவரை வாகனத்தில் ஏற்றிச் சென்றனர். தமிழ் தெரிந்த ஒருவர் அவரிடம் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்: “உனக்கு வழி கூடவாம். கடலில எந்தெந்த வழி?” தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததையே அவர்கள் மறைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் விடப்பட்டு வந்து அவர் இதைச் சொன்னபோது, நான் எழுதிய ‘வலி’யை யாரோ ‘வழி’ என்று வாசித்திருப்பது எனக்கு விளங்கிற்று. அந்தச் சொல் என் கடிதத்தில் மட்டுமே இருந்தது. தம்பியிடம் பறிக்கப்பட்ட கடல் அனுமதிப் பத்திரம் இன்றுவரை திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

4. முதலில் நான் திரு. கலீலுர் றஹ்மானையே சந்தேகித்தேன். போய் நேரில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கடைக் கதவைச் சாத்திவிட்டு, வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கும்படி தமக்குச் சொல்லப்பட்டிருப்பதாகவும், ஒருமுறை சிலர் வந்து கணினிகளைக் கொண்டுபோய்ப் பின்னர் திருப்பித் தந்ததாகவும், அவற்றுக்குள் என்ன வைத்தார்கள் என்று தமக்குத் தெரியாதெனவும் கூறினார். “தங்கச்சி, என்ட மகளுக்கே நான் அந்த மெசின்ல எழுதுறல்ல” என்றார். அவரைப் பாதி நம்பினேன். மறுபாதியை இன்னும் வைத்திருக்கிறேன்.

5. பிறகு வேறொரு கடைக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். வாசிக்கப்படாத கடிதம் தடித்த எழுத்தில் தெரியவேண்டும் அல்லவா? கணவரின் கடிதங்களோ அதன் பின்னும் நான் திறக்குமுன்னரே மெல்லிய எழுத்தில் கிடந்தன. மின்னஞ்சல் கம்பெனிக்கு முறைப்பாடு எழுதினேன். அனுப்பிய கணமே பதில் வந்தது. தங்கள் சேவையைப் பயன்படுத்துவதற்கு நன்றி என்று அதில் இருந்தது. மீண்டும் எழுதினேன். அதே நன்றி வந்தது. என் கடிதத்தை வாசிப்பவர் பலர் இருக்க, என் முறைப்பாட்டை வாசிக்க அங்கு ஒருவருமில்லை.

6. ஆதலால் நானே ஒரு பரீட்சை செய்தேன். தம்பி படகுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்துவிட்டார் என்று கணவருக்கு எழுதினேன். படகு அன்றும் இன்றும் நீலம். இதை வேறெவரிடமும் நான் வாய்திறந்து சொல்லவில்லை. அடுத்த கிழமை அனுமதிப் பத்திரம் கேட்டுத் தம்பி இறங்குதுறைச் சோதனைச் சாவடிக்குப் போனபோது, “பச்சைப் படகு எங்கே?” என்று கேட்கப்பட்டார். அதன் பின் தன்னைப்பற்றி ஒரு எழுத்தும் எழுத வேண்டாமென்று என்னிடம் சொல்லிவிட்டு, நோகும் இடுப்போடு கந்தளாய்க்கு வயல் கூலியாகப் போய்விட்டார்.

7. அதிலிருந்து நான் கணவருக்கு “நான் சுகம், நீங்கள் சுகமா” என்பதற்கு மேல் எழுதுவதில்லை. அவர் கேட்டு எழுதினார்: “உமக்குப் பக்கத்தில ஆர் இருக்கினம்? இது நீர் எழுதுற மாதிரி இல்லை.” காரணத்தை எழுத என்னால் ஏலாது. எழுதினால் அதையும் வாசிப்பார்கள். இப்போது அவரிடமிருந்து கடிதம் வருவதில்லை. அவர்தான் எழுதவில்லையா, எழுதியது என்னிடம் சேரவில்லையா என்பதும் எனக்குத் தெரியவில்லை. கணவன் மனைவிக்குள் ஏற்படும் சந்தேகத்தைத் தீர்க்க அரசாங்கத்தில் ஒரு பகுதி இல்லை என்பதை அறிவேன். ஆனால் இந்தச் சந்தேகம் எங்கள் வீட்டில் உண்டானதல்ல.

8. யுத்தகாலத்தில் பாதுகாப்புக்கென்று சில ஒழுங்குகள் இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. சட்டப்படி வாசிக்கிறார்களாயின் எந்தச் சட்டம், யாருடைய கட்டளை என்று சொல்லட்டும். எழுத்தை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவரைக் கொண்டாவது வாசிக்கட்டும். தாங்கள் இதை விசாரித்து, தம்பியின் அனுமதிப் பத்திரத்தை மீட்டுத் தந்து, கணவரின் கடிதங்கள் எங்காவது தடுத்து வைக்கப்பட்டிருந்தால் அவற்றையும் விடுவித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். திரு. கலீலுர் றஹ்மானுக்கு இதனால் ஒரு கெடுதியும் நேரக்கூடாதென்றும் வேண்டுகிறேன்.

9. இம்மனுவைத் தட்டெழுத்தில் அடிக்காமல் என் கையால் எழுதியுள்ளேன். பிரதி எடுக்கவில்லை. தபாலில் போடாமல் தங்கள் கையிலேயே தருகிறேன். தம்பிக்கும் இது தெரியாது. ஆகவே, ஐயா, தங்கள் பதில் கிடைக்குமுன் எவராவது என் வீட்டுக்கு வந்து இம்மனுவைப்பற்றி விசாரித்தால், அவருக்கு இதைச் சொன்னவர் யாரென்று நான் தேடவேண்டியிராது. அப்படி நேராது என்று நம்பவே விரும்புகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீதியை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) பு. தவராசா

திருகோணமலை
2007 ஆவணி 14