கூடு இழுக்கும் மிஷின்

கோலா கெடா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள வாசுகிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாளா?

ஈசா பாயின் படகில் நண்டுக்கூடு இழுக்கும் மிஷினைப் பூட்டினேன். கடையில் இரண்டு இருந்தன. தோட்டத்துச் சிமெண்டுத் தரையில் ரப்பர் அழுத்தும் உருளை மிஷினைப் பூட்டிய கை, வலுவானதைத்தான் எடுத்தது. நேற்று ஒரு கூடு கடலடியில் எதிலோ சிக்கிக்கொண்டது. மிஷின் விடாமல் இழுத்ததில் படகே சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. பாய் பாராங் கத்தியால் கயிற்றை வெட்டினார்.

"இது சிமெண்டுத் தரை இல்லலா தம்பி! சின்ன மிஷினா இருந்தா கயிறு வழுக்கி விட்டிருக்கும்."

அப்புறம் சிரித்துவிட்டோம். பயப்பட ஒன்றுமில்லை. வேறு மிஷின் வரும்வரை இதோடுதான் போகிறோம். எனக்கு நீச்சல் தெரியாதென்று பாயிடம் சொல்லவில்லை.

சத்தியசீலன் பாலிங்கிலிருந்து அடுத்த வார ஞாயிறன்று இங்கே வருகிறான். அவனிடம் ஊறுகாயும், பாப்பா ஆற்றில் போட்டுக் குளிப்பாளே, அந்தக் காற்று வளையத்தையும் கொடுத்துவிடு. தலைக்கு வைத்துப் படுக்கத்தான்.

பாய் கூப்பிடுகிறார், படகு கிளம்புகிறது. வளையத்தை ஊதி உன் இடுப்பில் ஒருமுறை போட்டுப் பார். உனக்குப் பத்தினால் எனக்கும் பத்தும்.

உன்
காளிதாசன்