யாரைத் தூக்குவது

செவ்வாய் இரவு, பிஸ்கட்டவே, அமெரிக்கா.

என் டீமில் ஒருவரை வேலையைவிட்டுத் தூக்கச் சொன்னது மேலிடம். ஜெர்மனியில் இருப்பவர்கள்மேல் கைவைக்க அந்த ஊர்ச் சட்டம் விடாது. அதனால் இங்கிருக்கும் கார்த்தியின் பெயரைக் கொடுத்தேன். நம்ம ஊர்ப் பையன், சண்டைக்கு வரமாட்டான். கொடுத்தது நான் என்றும் அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் அவனே ஃபோன் பண்ணினான். "அண்ணா, மாசக் கடைசியோட இன்ஷூரன்ஸ் போயிடுமாம். அவளுக்கு அடுத்த மாசம் டெலிவரி. என்னை ஜெர்மனி டீமுக்கு மாத்திவிட முடியுமா?"

"மேல பேசிப் பாக்கறேன்டா" என்றேன். பேசப்போவதில்லை.

"தேங்க்ஸ்ணா. சண்டே வளைகாப்புக்கு வந்துடுங்க. அண்ணிதான் முதல் வளையல் போடணும்."

போகாவிட்டால் சந்தேகம் வரும். வளையல் வாங்கிவைக்க மனைவியிடம் சொல்லிவிட்டேன். இவ்வளவு வெகுளியாக இருப்பவனை விட்டுவிட்டு வேறு யாரைத் தூக்குவது?