வீரையன் குடிக்கவில்லை

1973 ஏப்ரல் 9, திங்கள்

சென்னையிலிருந்து கடிதம் வந்தேவிட்டது. ஹாலந்தில் ஆறு வாரக் கோடைப் படிப்பு, பொதுச் சுகாதாரம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒருவர் சேலத்துக்காரர். இன்னொருத்தி வலங்கைமான் பக்கத்து டாக்டர் மெஹராஜ் பேகம். என் பெயரை நானே இரண்டு தடவை வாசித்தேன்.

கம்பவுண்டர் சாமிதுரை கடிதத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு வாரம் நீங்க இல்லன்னா குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட்டுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார். வாழ்த்து அதற்கப்புறம்தான் வந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் நாகம்மாள். போன நவம்பரில் பூச்சிமருந்து விஷத்தில் செத்த வீரையனின் பெண்டாட்டி. மாதம் ஒருமுறை வந்துவிடுகிறாள். அதே பேச்சு.

"அவரு குடிக்கலம்மா. அடிச்சாரு. வயலுக்குத்தான் அடிச்சாரு."

"போலீஸ்ல முடிச்ச கேஸ். என்னால ஒண்ணும் பண்ண முடியாது." நானும் அதே பேச்சு.

இன்றைக்குப் பார்த்தா வரணும்.

மே 11, வெள்ளி

கூத்தாநல்லூர் போயிருந்தேன். அத்தா பினாங்கில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவர். கடல் தாண்டுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை. மகள் தாண்டுவதுதான்.

"தனியாவா போறே?"

"இல்லத்தா, கூட இன்னொரு டாக்டர் வர்றாரு. சேலத்துக்காரரு."

"அது தனியாப் போறதவிட மோசமால்ல இருக்கு."

உம்மா சிரித்துவிட்டார். அதோடு சம்மதம் கிடைத்த மாதிரிதான்.

மே 29

மிராசுதார் பஞ்சநதம் பழக்கூடையோடு வந்தார். நிலையம் நிற்கிற இடம் அவர் எழுதிக் கொடுத்தது. ஜீப் பழுதானால் தன் காரை அனுப்புவார். நல்ல மனிதர் என்று சொன்னால் பொய்யில்லை. கூலித் தகராறு ஆரம்பித்ததிலிருந்து முகம் மட்டும் வாடிக் கிடக்கிறது. அவருடைய களத்தில் போலீஸ் வேன் நிற்கிறது. எதிரே சேரி முகப்பில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செங்கொடி.

"நம்ம ஊர் பேரை அங்க சொல்லிட்டு வாங்க, டாக்டரம்மா" என்றார்.

ஜூன் 3, ஞாயிறு. மீனம்பாக்கம்

பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 12, செவ்வாய். ஆம்ஸ்டர்டாம்

ஊருக்கு வெளியே போனால் எங்கே பார்த்தாலும் வாய்க்கால், மதகு, கரை. நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். தண்ணீரை நாம் வா வா என்று கும்பிடுகிறோம். இவர்கள் போ போ என்று இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மேட்டூர் திறக்கிற நாள் இன்று. திறந்தார்களோ என்னவோ.

மக்ரிபு தொழ பத்து மணி வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. சூரியன் மறைய மனசில்லாத ஊர்.

வகுப்பில் பதினெட்டுப் பேர். ஆசிரியை உயரமான கிழவி. குரல் உயர்த்துவதேயில்லை. எதைச் சொன்னாலும் "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறாள். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 21, வியாழன்

இதை எழுதாமல் படுக்க முடியாது.

காலையில் பூப்பண்ணைக்குக் கூட்டிப் போனார்கள். ஏக்கர் கணக்கில் கண்ணாடிக் கூரை, உள்ளே ரோஜா. மருந்து அடிக்கிறவர் பெயர் யான். ஐம்பது வயதிருக்கும். ரப்பர் உடுப்பு, கையுறை, முகமூடி எல்லாவற்றையும் கழற்றிக் காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். மாதாமாதம் அவர் ரத்தத்தைப் பார்த்து அதில் ஒரு எண்ணைக் குறிக்கிறார்கள். மருந்து உடம்பில் ஏறியிருந்தால் அந்த எண் இறங்கிவிடும். இறங்கினால் வேறு வேலை. "இரண்டு தடவை இறங்கியது. உடம்பில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் குடித்தேனா என்ன? தோல் வழியாகவே ஏறிவிடும்" என்றார். ஆசிரியை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

தோல் வழியாக ஏறும் என்பது எனக்குத் தெரியாதா? மூன்றாம் வருஷத்தில் பரீட்சைக்கு எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன்.

யான் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் ஊரில் எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பீர்கள்?"

சேலத்து டாக்டர் முந்திக்கொண்டார். "எங்கள் பக்கம் இந்த மருந்தால் வருகிற கேஸெல்லாம் தற்கொலைதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், வாய்வரை வந்துவிட்டது. ஆசிரியை மட்டும் தலையாட்டவில்லை.

"குடித்தார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஏதோ சொன்னார். எனக்குக் காது கேட்கவில்லை. அடிச்சாரும்மா, அடிச்சாரும்மா என்று ஒரு குரல்தான் கேட்டது.

ஜூன் 22, வெள்ளி

நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

அன்று கருத்தடை முகாம். நாற்பத்திரண்டு பேர் வரிசையில். பதினோரு மணிக்கு மாட்டுவண்டியில் வீரையனைக் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை, ஊசிமுனைக் கண்மணி, மூச்சு சரியாக இழுக்கவில்லை. முறிமருந்தாக இருந்த அட்ரோபின் ஊசி ஆறும் போட்டேன். ஒரு மணி நேரம் தாங்கவில்லை.

போலீஸ்காரர் கேட்டார்: "குடிச்சுட்டானா?"

நான் சொன்னது: "ம்."

அவ்வளவுதான். ஒரு "ம்."

மறுநாள் பிரேதப் பரிசோதனையும் நானே. இரைப்பையில் பழைய சோறு. மருந்து வாசனை இல்லை. சட்டையைக் கழற்றும்போது முதுகுப்பக்கம் குப்பென்று அடித்தது. சாமிதுரை மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டையும் எழுதினேன் என்றுதான் நினைவு. எழுதிவிட்டுக் கீழே முடிவு என்ன எழுதினேன்? விஷம் அருந்தியதால்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் பழக்கூடை தரவில்லை அன்றைக்கு. நானே எழுதினேன். ஏன் எழுதினே? வரிசை நிக்குதுன்னா? எப்பவும் அப்படித்தானே எழுதுறோம்னா?

ஜூலை 2

மழை. பாடம் எதுவும் தலையில் ஏறவில்லை.

ஜூலை 10, செவ்வாய்

அவரவர் ஊர்ப் பிரச்சினை ஒன்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வேண்டும். கருத்தடைக் கணக்குகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதை அப்படியே வைத்துவிட்டு வீரையனைப் பற்றிப் பேசினேன். என் கையெழுத்தைப் பற்றியும்.

முடித்ததும் ஆசிரியை ஒன்றே கேட்டாள். "அவருடைய மனைவி என்ன சொல்கிறார்?"

"மாதம் ஒருமுறை வந்து சொல்கிறாள்" என்றேன். "நான்தான் கேட்கவில்லை."

வெளியே வந்ததும் சேலத்து டாக்டர் பிடித்துக்கொண்டார். "வெள்ளைக்காரங்க முன்னாடி நம்ம மானத்த ஏங்க வாங்குறீங்க?" எனக்கு மானம் போன மாதிரி இல்லை.

ஜூலை 20, வெள்ளி

ஊர். அத்தா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். இளைத்துவிட்டேனாம்.

ஜூலை 24, செவ்வாய்

முதல் வேலையாகப் பதிவேட்டை எடுத்தேன். நினைவு பொய் சொல்லவில்லை. "இரைப்பையில் மருந்து வாசனை இல்லை. முதுகில் சட்டை மருந்தில் நனைந்துள்ளது." என் கையெழுத்து. அதற்குக் கீழே அந்த முடிவு, அதுவும் என் கையெழுத்து. மூன்று வருஷத்தில் இந்த மருந்தில் இருபத்து மூன்று சாவு. பதினான்கு பேரை வயலிலிருந்து நேராகத் தூக்கி வந்திருக்கிறார்கள். எல்லாம் மருந்தடிக்கிற மாதங்கள். பதினான்கும் தற்கொலை என்றே எழுதியிருக்கிறது.

சாயங்காலம் நாகம்மாளைத் தேடிப் போனேன். சேரியில் இல்லை. வாய்க்கால் கரையில் கீற்றுக் குடிசை போட்டு மகளோடு தனியாக இருக்கிறாள்.

"இங்க ஏன்?"

"மாமியா வெளிய போன்னுட்டாங்கம்மா. அன்னிக்குக் காலையில எனக்கும் அவருக்கும் கொஞ்சம் பேச்சாயிருச்சு. நான் பேசுன பேச்சுலதான் மருந்தக் குடிச்சாருன்னு ஊரே சொல்லுது. புருசனக் கொன்னவளாம் நான். டாக்டரே எழுதிருக்காங்களேங்குறாங்க."

எட்டு மாதம். உதவி கேட்டுத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு."

"முதுவுல மாட்டி மருந்தடிக்கிற அந்த டப்பா ஒழுவும்மா. முதுவு நனைஞ்சிருச்சு, கண்ணு இருட்டுதுன்னாராம். இன்னும் ரெண்டு மா நெலந்தான் கெடக்கு, அடிச்சுட்டுப் போன்னுட்டாரு மிராசுதாரோட கணக்கப்புள்ள. வரப்புலயே சாஞ்சுட்டாரு. கூட அடிச்சவங்க பாத்தாங்க."

"அவங்க ஏன் சொல்லல?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யாரும்மா கேட்டா?"

ஜூலை 30, திங்கள்

ஆர்.டி.ஓ.வுக்குக் கடிதம் போய்விட்டது. ஏழு தடவை எழுதிக் கிழித்தது. கடைசியில் நாலு வரிதான். வீரையன் மரணத்தில் என் முடிவு தவறு. பரிசோதனைக் குறிப்பு அதற்கு எதிராக இருக்கிறது. மருந்து தோல் வழியாக ஏறியிருக்கிறது. மறுவிசாரணை வேண்டும்.

சாமிதுரைதான் டைப் அடித்தார். "நீங்க எழுதுனத நீங்களே தப்புங்குறீங்க. வேலைக்கு ஆபத்தும்மா" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிழை இல்லாமல் அடித்தார்.

ஆகஸ்ட் 6, திங்கள்

பஞ்சநதம் வந்தார். உட்காரவில்லை.

"சங்கத்துக்காரன் கையில கத்தியக் குடுத்துட்டீங்களே, டாக்டரம்மா. நானா அவனைக் கொன்னேன்?"

"நீங்க கொன்னீங்கன்னு எழுதலைங்க. அவர் குடிக்கலன்னுதான் எழுதிருக்கேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், இந்த ஊர்ல?"

டப்பா ஒழுகுவது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் சங்கத்துத் தோழர் ஒருவர். "கொலைன்னே போட்ருங்க டாக்டர், நாங்க பாத்துக்குறோம்." அவரிடமும் அதையேதான் சொன்னேன். குடிக்கவில்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அவரும் கோபமாகத்தான் போனார்.

செப்டம்பர் 19, புதன்

பள்ளிக்கூடத்தில் விசாரணை. ஒரு பக்கம் மிராசுதார் ஆட்கள், ஒரு பக்கம் சேரி முழுக்க, நடுவில் போலீஸ். கூட அடித்தவர்களில் ஒருவர், துரைராசு, எழுந்து டப்பா ஒழுகியதைச் சொன்னார். சொல்லும்போது கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பவேயில்லை.

ஆர்.டி.ஓ. என்னைக் கேட்டார்: "அன்னிக்கு எழுதினது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னிக்குக் கேக்காம எழுதிட்டேன், சார். இன்னிக்குக் கேட்டுட்டுச் சொல்றேன்."

சிரிப்பு எழுந்தது. அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். வீரையனின் தாய் அகிலாண்டம். போலீஸ்காரர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அப்ப எம்மவன் சாவணும்னு நெனக்கலையா?"

என்னைத்தான் கேட்டார்.

"இல்லம்மா. குடிக்கவே இல்ல. வேலை செஞ்சுக்கிட்டிருந்தார், முதுகு நனைஞ்சுது. அவ்வளவுதான்."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. நாகம்மாள் நாலு ஆள் தள்ளி நின்றாள். இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 12, வெள்ளி

நோன்பு. ஆர்.டி.ஓ.வின் உத்தரவு வந்தது. "காலம் கடந்துவிட்டபடியால் இறுதி முடிவுக்கு வர இயலவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது." எனக்குத் தனியாக ஒரு மெமோ: முரண்பட்ட அறிக்கைகளுக்கு விளக்கம் தருக.

அப்படியானால் எதுதான் மாறியது?

வீரையன் காகிதத்தில் இன்னும் குடித்தவன்தான்.

அக்டோபர் 22

சம்பாவுக்கு மருந்தடிப்பு ஆரம்பம். நம்மிடம் ரத்தம் பார்க்கக் கருவியில்லை. டார்ச் இருக்கிறது, சோப்பு இருக்கிறது. அடிக்கிறவர்கள் மத்தியானம் வந்தால் கண்மணியைப் பார்த்து அனுப்புகிறேன் என்று சாமிதுரையை விட்டுச் சொல்லச் சொன்னேன். முதல் நாள் மூன்று பேர். இன்று பதினொருவர். கண்மணி சுருங்கியிருந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பினேன். கணக்கப்பிள்ளை கேட்டால் காட்டச் சொல்லிச் சீட்டும் கொடுத்தேன்.

பஞ்சநதம் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அவர் வயலில் புது டப்பாக்களாம். துரைராசு சொன்னார்.

நவம்பர் 8, வியாழன்

மாறுதல் உத்தரவு நேற்று வந்தது. தர்மபுரிப் பக்கம். பதினைந்தாம் தேதிக்குள் சேர வேண்டும். அத்தாவுக்கு இன்னும் எழுதவில்லை.

காலையில் நல்ல கூட்டம். வரிசையில் அகிலாண்டம், கடுமையான காய்ச்சல், நிற்க முடியவில்லை. ஒரு பக்கம் நாகம்மாள் தாங்கிப் பிடித்திருந்தாள்.

சாமிதுரை சீட்டு எழுதிக்கொண்டே, "கூட வந்திருக்கறது யாரு?" என்றார். தெரிந்தேதான் கேட்டாரோ, வாடிக்கையாகக் கேட்டாரோ.

அகிலாண்டம்தான் சொன்னார்.

"எம் மருமவ. எங்கூடத்தான் இருக்கா. அப்படியே எழுதிக்க."

சாமிதுரை எழுதினார்.

மருந்து கொடுத்து, மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன். அதுவரை இங்கேதான் இருப்பேன்.