மூன்றடி அகலக் கதவு

மார்ச் 3

அன்புள்ள என் மெக்கானிக்குக்கு,

நானும் பாப்பாவும் நலம். ஜனவரியில் போட்ட சண்டைக்குப் பிறகு நீங்கள் போனை எடுப்பதே இல்லை. கடிதத்துக்காவது பதில் வருகிறதா பார்ப்போம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒவ்வொன்றாக உதிர்கிறது. போன வாரம் ஒன்று பாப்பாவின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டேன். இடிப்பதுதான் இடிக்கிறோம், நாம் புழங்குகிற விதத்துக்கே கட்டிவிடலாம் என்று ஆசை. பாப்பாவுக்கு முழு நீளக் கண்ணாடி. பதினான்கு வயதுக்காரிக்குத் தலைவாரவே அரைமணி நேரம் ஆகிறது. எனக்கு ஒரு தொட்டி. முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பினால் போதும். காலை ஐந்து பத்துக்கு, முதல் பஸ்ஸுக்கு டிக்கெட் கவுன்ட்டர் திறக்கப் போகும் முன், வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் சும்மா இருப்பேன். யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். இனி வாளிக்குப் பதில் தொட்டியில் ராணி மாதிரி உட்காருவேன்.

ஜூனில் லீவில் ஊருக்கு வருகிறீர்களே, உங்களுக்கு என்னென்ன வேண்டும்? அறையை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். அந்தத் தாளிலேயே குறித்து அனுப்புங்கள்.

உங்கள் வாயாடி


மார்ச் 14

என் வாயாடிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. தாளில் திருத்தியிருக்கிறேன். வாசலில் படி கூடாது. தரை வெளியிலிருந்து உள்ளே ஒரே மட்டமாகப் போகட்டும். கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். குழாய்க்குக் கீழே உட்கார்ந்து குளிக்க ஒரு சிமென்ட் திண்டு. நான் புள்ளி வைத்த இடங்களில் எவர்சில்வர் கைப்பிடி. தொட்டி வேண்டாம், இடத்தை அடைக்கும். ஏன் எதற்கு என்று கேட்காதே, வந்து சொல்கிறேன்.

பாப்பா ஒழுங்காகப் படிக்கிறாளா?

உன் மெக்கானிக்


மார்ச் 24

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

உங்கள் தாளை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். படி கூடாது, திண்டு வேண்டும், கைப்பிடி வேண்டும். இது உங்களுக்காக இல்லை, உங்கள் அம்மாவுக்காக. அத்தையை அழைத்துவரப் போகிறீர்கள் என்றால் நேராகச் சொல்லுங்கள். அவர் என்னைப் பேசிய பேச்சுக்குப் பிறகு மூன்று வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. ஆனாலும் வயதானவர், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதை இப்படிப் புள்ளி வைத்துத்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டுமா?

நான் கேட்டது ஒரே ஒரு தொட்டி. ஒரு கோடு கிழித்து அடித்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


ஏப்ரல் 2

அம்மா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள், அங்கேயேதான் இருப்பாள். அவளை இதில் இழுக்காதே. ஒரு குளியலறைக்கு இத்தனை கேள்வியா? சொன்னபடி கட்டச் சொல்.

ஜூனில் வருவது தள்ளிப்போகலாம். பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

மெக்கானிக்


ஏப்ரல் 11

என்னங்க,

இன்று கொத்தனார் உங்கள் தாளைச் சுவரோடு வைத்து அளந்துகொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "அக்கா, அண்ணன் கைப்பிடி எல்லாத்தையும் இடது பக்கமே கேட்டிருக்காரே. எந்தக் கால்ல அடி?" என்றார். யாருக்கும் அடி இல்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இடித்துப்போட்ட செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கிரேன் உச்சியில் ஏறி நின்று படம் எடுத்து அனுப்பி என்னிடம் திட்டு வாங்குகிற மனிதர், ஜனவரிக்குப் பிறகு ஒரு படம்கூட அனுப்பவில்லை.

ஒரே ஒரு வரி எழுதினால் போதும். என்ன ஆயிற்று?


ஏப்ரல் 19

வாயாடி,

இடது கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஜனவரி 28, மதியம். கிரேனில் கம்பிவடம் மாற்றிக்கொண்டிருந்தேன். கொக்கி நழுவிக் கால்மேல் இறங்கியது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று ஆபீசில் நான்தான் சொல்லிவைத்தேன். உன் கடிதங்களை ஃபோர்மேன் கொண்டுவந்து தருகிறார்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் போனில் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "பத்து நாள் லீவுல வந்து தலையக் காட்டிட்டுப் போறதுன்னா வரவே வேணாம். வந்தா முழுசா வாங்க." நீ எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மயக்கம் தெளிந்து போர்வையைப் பார்த்தபோது அந்த வார்த்தைதான் காதில் கேட்டது.

இங்கே இரண்டு பேர் பிடித்து என்னைக் குளிப்பாட்டுகிறார்கள். முடியும்வரை கண்ணை மூடிக்கொள்கிறேன். வீட்டில் நீ அதைச் செய்யும்படி ஆகக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு நானே குளிக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை புள்ளிகளும். உன் தொட்டிக்கு மன்னித்துவிடு.

நீ வேண்டாம் என்றால் வரவில்லை.


ஏப்ரல் 27

என்னங்க,

கடிதத்தைக் கவுன்ட்டரில் வைத்துப் பிரித்தேன். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். கவுன்ட்டரை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக.

கால் போனதற்கு அழுதேன். மூன்று மாசம் மறைத்ததற்கு அழவில்லை. அதற்குக் கோபம்தான், சீக்கிரம் ஆறாது. நான் அந்த வார்த்தையைச் சொன்னது நிஜம். இனி அது என் நெஞ்சிலும் குத்திக்கொண்டுதான் இருக்கும். அதைச் சாக்காக வைத்து, வரட்டுமா வேண்டாமா என்று என்னையே கேட்கிறீர்களே, எந்த ஊர் நியாயம் இது?

கைப்பிடி எல்லாம் வைத்தாகிவிட்டது. கொத்தனார் ஒவ்வொன்றிலும் தொங்கிப் பார்த்தார். தாழ்ப்பாள் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும். நீங்களே குளிக்கலாம், நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். ஆனால் காலை ஐந்து பத்திலிருந்து ஐந்து இருபத்தைந்து வரை அந்த அறை என்னுடையது. வாளியே போதும். அப்போது மட்டும் கதவைத் தட்டக் கூடாது.

உங்கள் ஆபீசுக்குப் போன் செய்து வார்டு எண்ணை வாங்கிவிட்டேன். புதன்கிழமை பாப்பாவோடு ரயிலில் வருகிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்காதீர்கள். சவரம் செய்துகொண்டு, எழுந்து உட்கார்ந்திருங்கள். மீதியை அவளிடம் நான் சொல்லப் போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்கள் வாயால்.

உங்கள் வாயாடி