முன்விளக்கில் பழுதில்லை

என் அன்பு மனைவிக்கும், நம் காரின் உரிமையாளருக்கும் (இருவரும் நீயே என்றாலும் இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டியிருக்கிறது),

இங்கே நானும் வண்டியும் நலம். வண்டி என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம். மகள் வீட்டில் கண்ணுக்கு மருந்து ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாயா? போட்டதும் கண்ணை மூடிச் சற்று நேரம் படுத்திருக்க வேண்டுமாம். நீ படுத்திருக்க மாட்டாய். மருத்துவருக்காக வேண்டாம், எனக்காகப் படு.

எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பதைப் பார்த்து எனக்கு என்னவோ ஏதோ என்று பதறாதே. நீயே படிக்க வேண்டும் என்பதற்காகத் தடித்த பேனாவால் எழுதுகிறேன். மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடாதே. அவள் இரண்டாம் பக்கத்திலேயே சிரித்துவிடுவாள். மாப்பிள்ளையையும் கூப்பிட்டுக் காட்டுவாள். பிறகு நான் அந்த வீட்டில் தலைகாட்ட முடியாது.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் எனக்குச் "சரி" என்ற ஒரே சொல்தான் வருகிறது. போன மாதம் மகள், "அப்பா, அம்மா இனிமே கார் ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்களும் ஓட்ட மாட்டீங்க. அப்புறம் எதுக்கு அது ஷெட்டுல படுத்துத் தூங்குது? வித்துடலாமா?" என்றாள். நான் சரி என்றேன். "நம்ம தெரு மருந்துக்கடைக்காரர் ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கார், வந்து பார்க்கச் சொல்லட்டுமா?" என்றாள். அதற்கும் சரி என்றேன். அந்த இரண்டு சரிகளையும் திரும்பப் பெறத்தான் இந்தக் கடிதம். வண்டி உன் பெயரில் இருக்கிறது. விற்பதற்கான தாளை மகள் உன் முன்னால் வைப்பாள். இதைக் கடைசிவரை படிக்காமல் பேனாவைத் தொடாதே.

மருந்துக்கடைக்காரர் வந்தார். ஒருவர் பொருளை வாங்க வரும்போது அதன் குறைகளை மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதோடு, உண்மையைச் சொன்னால் பயந்து ஓடிவிடுவார் என்ற சின்ன ஆசையும் இருந்தது. எனவே வரிசையாகச் சொன்னேன். பின்கதவு மழை பெய்தால் உள்ளிருந்துதான் திறக்கும். ரேடியோ மேட்டில் ஏறும்போது மட்டும் பாடும். மூன்றாவது கியர் விழ மறுத்தால் இரண்டுக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை கெஞ்ச வேண்டும். குளிர்காலக் காலைகளில் பானட்டைத் திறந்து கார்புரேட்டரின் பக்கம் குனிந்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், விக்கிற பொருளை இப்படித் திட்டுற ஆளை நான் பார்த்ததே இல்ல. கார்னு வாங்கினா இதைத்தான் வாங்குவேன்" என்றார். நேர்மை எனக்கு எப்போதும் இப்படித்தான் கைகொடுத்திருக்கிறது.

அப்போது பொழுது சாய்ந்திருந்தது. விளக்கு எரிகிறதா பார்க்கலாம் என்று அவர் காருக்கு முன்னால் போய் நின்றார். நான் பணிவாக, "விளக்குதான் இந்த வண்டியின் பெரிய குறை, எவ்வளவு செய்தும் மங்கல்தான்" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு விசையைப் போட்டேன். மனிதர் "ஐயோ!" என்று முகத்தை மூடிக்கொண்டு பூந்தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து, "யாருய்யா அது, காரை வச்சிருக்கியா, கலங்கரை விளக்கம் வச்சிருக்கியா?" என்று கத்தினாள். மருந்துக்கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இதுக்குப் பேரு மங்கலா சார்?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு நான் ஷெட்டிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு மங்கல் என்று நீ முதலில் சொன்னபோது பல்பை மாற்றினேன். பிறகும் சொன்னாய், வயர்களை மாற்றினேன். இன்னும் மங்கல் என்றாய். எர்த் வயரின் முனையைச் சுரண்டி, பல்புக்குப் பின்னால் இருக்கும் கிண்ணத்தைப் பளபளவென்று துடைத்து, பாட்டரியையும் புதிதாகப் போட்டேன். முன்கண்ணாடியில் பனி படர்ந்தமாதிரி இருக்கிறது என்றாய். பசை தேய்த்து மெருகேற்றினேன். ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்போ கொஞ்சம் பரவாயில்ல" என்று சொல்லுவாய். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பெருமையாகச் சிரிப்பேன். இது நேற்று வந்த கோளாறு இல்லை, சில வருடங்களாகவே மெல்ல மெல்ல வந்திருக்கிறது என்று உன் கண் மருத்துவர் சொன்னதாக மகள் சொன்னாளே, அதை அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் நான் உண்மையில் காதில் வாங்கினேன்.

குறை சொல்கிறவரை முதலில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று காரைப் பழுதுபார்க்கும் கையேட்டில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அந்த வரியில் ஓர் அச்சுப்பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டு மேலே போய்விட்டேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தே வயதானவனின் புத்தி வேறு எப்படி இருக்கும்?

சரி, அழுகிற விஷயம் போதும். சிரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன்.

உட்கார்ந்துகொள். உட்கார்ந்திருந்தால் எழுந்து நின்றுவிடாதே.

தெருமுனை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு நம் மகள் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் உன்னுடையது. முதல் நாள் கிளட்சை மிதிக்கச் சொன்னாள். மிதிப்பதற்கு முன்னால், மிதித்தால் உள்ளே எந்தத் தட்டு எந்தத் தட்டிலிருந்து விலகுகிறது என்பதை அவளுக்கு விளக்கினேன். பாதி விளக்கத்தில் வண்டி குதித்து நின்றது. "சார், உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியவே வேணாம். வெளிய என்ன நடக்குது பாருங்க. பின்னாடி பஸ்ஸு நிக்குது" என்றாள். திரும்பிப் பார்த்தேன். நின்றது. அதன் ஓட்டுநர் சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

இப்போது கொஞ்சம் முன்னேற்றம். திருப்பத்தில் கண்ணை மூடுவதை விட்டுவிட்டேன். என் வேகம்தான் அவளுக்குக் கவலை. நேற்று ஒரு பெரியவர் கைத்தடியோடு நடந்தே எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோக்கில் ஜன்னல் பக்கம் குனிந்து, "வண்டி ரிப்பேரா தம்பி? தள்ளிவிடட்டுமா?" என்று விசாரித்தார். தம்பி என்றதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். தேர்வில் ஒருமுறை தோற்றுவிட்டேன். பின்னால் எடுக்கச் சொன்னபோது, தேர்வுக்குக் கொடுத்த அதிகாரியின் அலுவலகக் காரில் பிரேக் தேய்கிற சத்தம் கேட்டது. இறங்கிப் போய்ச் சக்கரத்தைப் பார்த்தேன். பிரேக் கட்டை தேய்ந்துதான் இருந்தது. அவரும் ஒத்துக்கொண்டார், நன்றியும் சொன்னார். ஆனால் தேர்வின் நடுவில் காரைவிட்டு இறங்குகிறவரைத் தேறவைக்க விதியில்லையாம். அடுத்த தேர்வு நீ வருவதற்கு முந்தைய நாள்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். பயிற்சிக்காக நம் காரையே வெளியில் எடுக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். நம் வாசலைத் தாண்டி நாலு வீடு போயிருப்போம். உள்ளே டக்கு டக்கு என்று ஒரு சத்தம். இந்த வண்டியில் நான் அறியாத சத்தம் ஏது? ஓரமாக நிறுத்தினேன் (கிட்டத்தட்ட ஓரம்). பானட்டைத் திறந்தேன், ஒன்றுமில்லை. வண்டிக்கு அடியில் படுத்தேன், ஒன்றுமில்லை. சக்கரத்தின் நட்டுகளை முறுக்கிப் பார்த்தேன். அந்தப் பெண் நடைபாதையில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தாள். கடைசியில் டாஷ்போர்டின் அடியறையைத் திறந்தால் உன் புளிப்பு மிட்டாய் டப்பா. இரண்டே மிட்டாய்கள், உள்ளே உருண்டுகொண்டு.

அந்த டப்பா வருடக்கணக்காக அங்கேதான் இருக்கிறது. உன் பக்கத்தில் முட்டியை இடித்துக்கொண்டு இத்தனை காலம் உட்கார்ந்து வந்தவனுக்கு அது ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்று யோசித்தேன். பதில் சுலபம். ஓட்டும்போது நீ பேசாமல் இருந்ததே இல்லை. முன்னால் போகிற லாரியைத் திட்டுவாய், பெட்ரோல் பங்க் ஆளின் குடும்பக் கதை சொல்லுவாய், என் அக்காவைப் பற்றிச் சொல்லக் கூடாததெல்லாம் சொல்லுவாய். அந்தப் பேச்சு நின்றதும் வண்டி முழுக்க ஒரே சத்தம். கதவு முனகுகிறது, இருக்கை கிரீச்சிடுகிறது, மிட்டாய் உருள்கிறது. எல்லாவற்றையும் என்னால் சரிசெய்துவிட முடியும். ஸ்பேனரை எடுத்தேன்; பிறகு வைத்துவிட்டேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. மருந்துக்கடைக்காரரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். போனில் இல்லை, நேரில், தைரியத்துக்குக் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டாவது. மகளிடம் நீ சொல்லிவிடு. அவளிடம் எனக்குச் சரி என்றுதான் வரும்.

நீ வரும் அன்று ரயில் நிலையத்துக்கு நம் கார்தான் வரும். தேர்வில் தேறாவிட்டால் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. நீ பின்னால் உட்கார வேண்டியதாகிவிடும். பின்னால் உட்கார்ந்தால் உனக்குத் தலைசுற்றும். அதற்காகவாவது நான் தேறியாக வேண்டும். தினமும் ஷெட்டில், வண்டி நின்றபடியே, கியர் போட்டுப் பழகுகிறேன். இறங்கவே கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

முன் இருக்கையைத் துடைத்து வைத்திருக்கிறேன். இனி சாலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பார்க்க வேண்டாம், பேசிக்கொண்டு வா. மருந்தை விடாமல் போடு. டப்பாவில் மிட்டாய் நிரப்பியிருக்கிறேன், இருந்தாலும் அது உருளத்தான் செய்கிறது. சீக்கிரம் வந்துவிடு.

இத்தனை நாள் உன் பக்கத்து இருக்கையில் வந்த,
உன் கணவன்