மடியில் வைத்த கோதுமை

மே 7, ஞாயிறு

வண்டியைக் கழுவினேன். வெளிப்பக்கம் மட்டும். உள்ளே கழுவவில்லை. கையை விட்டால் அவர் பக்கத்துக் கதவுப் பையில் கிடக்கும் சூரியகாந்தி விதைத் தோலெல்லாம் போய்விடும். என் வீட்டுக்காரர் தோதோர் என்னோடு வந்த ஞாயிறுகளில் எல்லாம் கடித்துக் கடித்து அதில் துப்பி வைத்தது. உயிரோடு இருந்தபோது அதற்காகவே திட்டுவேன். அக்டோபரில் அவர் போனதிலிருந்து நான் அதைத் தொடவில்லை.

சீட்டும் அப்படியேதான். முதுகு வலிக்காக அவர் சாய்த்துப் போட்டபடி, பச்சைத் தலையணையோடு.

பிறகு தனியாகக் கணவாய் வரை போய் வந்தேன். மேட்டில் எங்கள் கோல்ஃப் வண்டி திணறுகிறது. இல்லை, நான்தான் திணறுகிறது என்கிறேன். வாங்கின நாளிலிருந்து அந்த மேட்டில் அது அப்படித்தான் ஏறுகிறது.

மே 10, புதன்

போனில் பழைய வண்டி விளம்பரங்கள் பார்த்தேன். சும்மா பார்க்கத்தானே.

மே 12, வெள்ளி

தையல் ஆலையில் சாப்பாட்டு நேரம். பக்கத்து மெஷின் ஸ்லாவ்கா என் போனை எட்டிப் பார்த்தாள்.

“என்னடி இப்படி உத்துப் பாக்கறே, ஆம்பளையா?”

“வண்டி.”

நீல சுபாரு. டர்போ. கோல்ஃபைப் போல இரண்டு பங்கு குதிரை சக்தி. ஒரே ஆள் கையில் இருந்த வண்டியாம், கணவாய் அடிவாரத்து ஊராம்.

“புருஷன் போயிட்டா மத்தவளுங்க பூனை வளக்கறாளுங்க. நீ டர்போ வளக்கப் போறியா?”

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்த பிறகு என் கறுப்புச் சட்டைக் கை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். வருடம் முடியும் வரை கறுப்பு. கறுப்பைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறவளைப் பார்த்தால் நானே என்ன நினைப்பேன்?

மே 14, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றும்.

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு நன்றாக வருவது இரண்டுதான். கால்சட்டைக்குப் பை வைத்துத் தைப்பது, வளைவில் வண்டி ஓட்டுவது. தோதோருக்கு ஓட்டப் பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து வரத்தான் பிடிக்கும். விதையைக் கடித்துக்கொண்டே “இடது, இறுக்கம்... வலது, நீளம்... விடு, விடு, விடு வெனெதா!” என்று கத்துவார். ஊரில் எல்லா வீட்டிலும் ஆம்பிளை ஓட்டுவான், பெண்டாட்டி கத்துவாள். எங்கள் வீட்டில் மாறிப் போச்சு.

இந்த மாதிரி வண்டி ஒன்று எனக்கு வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவரே விளம்பரம் காட்டுவார். ஒரு தடவை ஒருவரிடம் கேட்டு ஓட்டிக்கூடப் பார்த்தோம். அந்த வண்டிகள் கல் மாதிரி. ரோட்டில் ஒரு குழி என்றால் இடுப்பெலும்பில் தெரியும். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. “வாங்கிக்கோ வெனெதா, நான் நின்னுக்கிட்டே வர்றேன்” என்றார். அதோடு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

இப்போது அந்த முதுகு இல்லை.

புதன்கிழமை அந்த நீல வண்டியைப் பார்த்ததும் என் மனசில் முதலில் வந்தது இதுதான். இனிமேல் வாங்கலாம், தடையில்லை. அவர் செத்ததால் ஒரு வசதி! இப்படி நினைக்கிற மூளையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

மே 20, சனி

பெங்கா வந்தாள். தோதோரின் தங்கை. சனிக்கிழமை தோறும் இருவரும் கல்லறைக்குப் போகிறோம். கோல்ஃபில் ஏறினால் பின்சீட்டில்தான் உட்காருவாள், வாடகை வண்டியில் ஏறின மாதிரி. என் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவது கண்ணாடியில் தெரியும். எனக்கு அது ஒரு தண்டனை.

வாசல் கதவில் அவர் படம் போட்டு ஒட்டின ஆறாம் மாத நினைவுத் தாள் மழையில் ஓரம் கிழிந்திருந்தது. ஒட்டிவிட்டாள். அவர் படங்களில் நன்றாக வந்தது வண்டியில் எடுத்தது ஒன்றுதான். அச்சகத்துக்காரர் படத்திலிருந்து என் கையை வெட்டி எடுத்துவிட்டார், அவர் மார்பில் இருந்த பெல்ட்டை எடுக்க முடியவில்லை. ஊரெல்லாம் கதவிலும் கம்பத்திலும் அவர் பெல்ட் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்.

“சொர்க்கத்துக்கும் பெல்ட் போட்டுட்டுப் போறான் பாரு,” என்றாள் பெங்கா. அப்புறம் திரும்பாமலே, “வேற வண்டி பாக்கறியாமே?”

ஸ்லாவ்கா வாய்!

“பாக்கத்தான் செஞ்சேன்.”

“ரேஸ் வண்டியாம்.”

“ரேஸ் எல்லாம் இல்ல பெங்கா...”

“எங்கண்ணன் போய் வருஷம்கூடத் திரும்பல அண்ணி. அதுக்குள்ள அவன் உக்காந்த சீட்டை விக்கணுமா உனக்கு?”

அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

மே 29, திங்கள்

நீல வண்டிக்காரருக்குப் போன் செய்தேன். பெயர் மொம்சில். ஓட்டிப் பார்க்க மட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரச் சொன்னார். ஓவர்டைமில் சேர்த்த பணம் இருக்கிறது. என் பணம். அதைத் தொடத்தான் கை கூசுகிறது.

ஜூன் 2, வெள்ளி

மொம்சிலுக்கு இன்று முடியாதாம். நாளைக் காலை எட்டு மணிக்கு வா, மத்தியானம் வேறு ஆள் பார்க்க வருகிறான் என்றார்.

நாளைக்குச் செர்ரி சனி. செத்தவர்கள் பேரில் கோதுமையும் செர்ரியும் கொடுத்து, வாங்கித் தின்றவர்கள் ‘ஆண்டவன் மன்னிக்கட்டும்’ என்று சொல்கிற நாள். பத்து மணிக்குப் பெங்கா கல்லறையில் நிற்பாள். கோதுமை அடுப்பில் வெந்துகொண்டிருக்கும்போதே மொம்சிலிடம் சரி என்று சொல்லிவிட்டேன். எட்டுக்குப் பார்த்துவிட்டுப் பத்துக்குப் போய்விடலாம். நேரம் இருக்கிறது.

நேரம் இருக்கிறதாம்! வெட்கம் கெட்டவ.

ஜூன் 3, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோல்ஃபை அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். மொம்சில் நாற்பது, நாற்பத்தைந்து வயது ஆள். வெள்ளைச் சட்டை. என் கறுப்பைப் பார்த்துவிட்டு, “தனியாத்தான் வந்தீங்களாக்கா? வாங்கறது யாரு?” என்றார்.

“நான்தான் வாங்கறது. ஓட்டறதும் நான்தான்.”

சாவியைக் கொடுத்தார். அப்போதுதான் கோதுமை ஞாபகம் வந்தது. தோதோருக்கென்று அவித்துச் சர்க்கரைத் தூள் போட்டு, அக்ரூட் வைத்து, மேலே செர்ரியால் சிலுவை அடுக்கிய பாத்திரம். அதை வெயிலில் பூட்டின வண்டிக்குள் தனியாக விட மனசு வரவில்லை. எடுத்துவந்து மொம்சிலிடம் நீட்டினேன். “கொஞ்சம் மடியில வச்சுக்குங்க. மெதுவாத்தான் ஓட்டுவேன்.”

மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். சத்தியமாக.

பாலம் தாண்டி மேடு தொடங்கியதும் மிதித்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளின மாதிரி... அந்த மேடு எனக்குத் தெரிந்த மேடே இல்லை. முதல் வளைவு. இரண்டாவது. “அக்கா,” என்றார் மொம்சில். காதில் விழுந்தது, காலில் விழவில்லை. எனக்குள்ளே வேறு குரல் ஓடிக்கொண்டிருந்தது. இடது, இறுக்கம். வலது, நீளம். விடு, விடு.

மூன்றாவது வளைவில் மொம்சில் இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பிடித்துவிட்டார்.

நிறுத்தினேன். அவர் சட்டையெல்லாம் சர்க்கரை மாவு. மடியில், சீட்டில், கியர் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் கோதுமை. ஒரு செர்ரி நசுங்கி அவர் முழங்காலில். நான் சிரித்துவிட்டேன். ஓட்டின வேகத்தில் வந்த சிரிப்பு, அடக்கவே முடியவில்லை. ஏழெட்டு மாதமாக இப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு நின்றபோதுதான் எதைக் கொட்டியிருக்கிறேன் என்று உறைத்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துவிட்டேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். “யாருக்குக்கா இது?” என்றார்.

“எங்க வீட்டுக்காரருக்கு.”

“பேரு?”

“தோதோர்.”

தன் சட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “ஆண்டவன் தோதோரை மன்னிக்கட்டும்.” மென்றார். “என்னையும்தான். இங்கேயே போயிருப்பேன்.”

அப்புறம் இருவரும் குனிந்து சீட்டில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டோம். பாதிகூடத் தேறவில்லை. என்னைத் தனியாக அனுப்ப அவருக்கு மனமில்லை. பெட்ரோல் பங்கில் நான் கோல்ஃபில் ஏறியதும், அவர் நீல வண்டியில் பின்னாலேயே கல்லறை வரை வந்தார்.

பெங்கா அங்கே நின்றிருந்தாள். அரைப் பாத்திரத்தைப் பார்த்தாள். மாவு பூசின அந்நிய ஆளைப் பார்த்தாள்.

“இது யாரு?”

நான் வாயைத் திறக்கும் முன் மொம்சிலே சொல்லிவிட்டார், எல்லாவற்றையும்.

“எந்த வளைவுல?” என்று கேட்டாள் பெங்கா.

“மூணாவதுல.”

“எங்கண்ணன் ரெண்டாவதுலயே கத்துவான்.”

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உதடு கோணியது. அழுதாள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள்.

ஜூன் 4, ஞாயிறு

மொம்சிலுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 17, சனி

பெங்கா வரவில்லை. போன வாரமும் வரவில்லை. தனியாகப் போனேன். அவர் கல்லறைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். வாயில் வந்ததோ, “அது எப்படி ஏறுது தெரியுமா” என்றுதான். பக்கத்துக் கல்லறைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 2, ஞாயிறு

கணவாய்க்குப் போகவில்லை. தக்காளிக்குக் கொம்பு நட்டேன்.

ஜூலை 22, சனி

பெங்கா வந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி பின்சீட்டில் ஏறினாள். கல்லறை போய்த் திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கவில்லை.

“அந்த மாவு பூசின ஆளு வண்டிய வித்துட்டானா?”

“தெரியல. நான்தான் வேண்டாம்னுட்டேனே.”

“ஏன்?”

“நீதானே சொன்னே, அவர் சீட்டை விக்காதேன்னு.”

அவளுக்குப் படபடவென்று வந்தது. “ஒம்பது மாசமா பின்னாடி உக்காந்து வர்றேன் அண்ணி. கால் நீட்ட முடியல. அவன் சீட்டு சாஞ்சு சாஞ்சு என் முட்டிய இடிக்குது. ஒரு நாளாவது, முன்னாடி வா பெங்கான்னு கூப்பிட்டியா நீ?”

“நீதான்... நீயா உக்காரலன்னு நெனைச்சேன்.”

“அவன் தலையணை அங்க இருக்கு. தோலுகூடக் கிடக்கு. நான் எங்க உக்கார்றது?”

அவள் என்னைத் தண்டிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ நான் தன்னைத் தள்ளி வைக்கிறேன் என்று! வாரா வாரம் ஒரே வண்டியில் போய், ஒரே கல்லறை முன்னால் நின்று...

இறங்கும்போது சொன்னாள்: “எனக்கு அவன் போன கோபம் அண்ணி. அவனைத் திட்ட முடியல. நீதான் கைக்கு அகப்பட்டே.”

ஜூலை 24, திங்கள்

மொம்சிலுக்குப் போன் செய்தேன். இன்னும் விற்கவில்லையாம். சிரித்தார். “பாதி மாவு இன்னும் உள்ளதான் இருக்குக்கா. வர்றவன் எல்லாம் என்ன இதுன்னு கேக்கறான்.” அவர் மகள் இவைலா லைசென்ஸ் எடுத்திருக்கிறாள், அவளுக்குச் சின்ன வண்டி வேண்டுமாம். கோல்ஃபைக் கொடுத்து மேலே கொஞ்சம் போட்டால் போதும் என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 25, செவ்வாய்

சரி என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆகஸ்ட் 5, சனி

விதைத் தோலை நானே அள்ளினேன். வேறு எங்கே போடுவது? தக்காளிப் பாத்தியில் போட்டேன். பச்சைத் தலையணையை உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

மொம்சிலும் இவைலாவும் நீல வண்டியில் வந்தார்கள். கோல்ஃபை இவைலா ஓட்டப் போகிறாள், அப்பா பக்கத்தில். மொம்சில் தோதோர் சீட்டில் உட்கார்ந்து கீழே நெம்புகோலைத் தேடினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். தேடினவர் கையை எடுத்துவிட்டார். “இருக்கட்டும். இப்படியே சொகமாத்தான் இருக்கு.”

இவைலா வண்டியைக் கிளப்பினதும் நான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுவந்து, கோல்ஃப் முன்னால் ஊற்றினேன். கிளம்புகிறவர்களுக்கு வழி தண்ணீர் மாதிரி ஓடட்டும் என்று.

“யாராவது வித்த வண்டிக்கு ஊத்துவாங்களா?” பெங்கா வாசலிலிருந்து கத்தினாள். “நம்ம வண்டி இதோ நிக்குது அண்ணி!”

நம்ம வண்டி என்றாள்.

கோல்ஃப் தெரு முனையில் திரும்பியது. ரொம்பச் சுற்றித் திரும்பினாள் அந்தப் பெண். இறுக்கமாப் பிடிக்கணும் அங்கே. யார் சொல்லித் தருவார்கள்?

செப்டம்பர் 10, ஞாயிறு

கணவாய். தனியாக. சந்தோஷமாக இருந்தது. எழுதவே குற்றமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

அக்டோபர் 14, சனி

ஒரு வருடம். காலையில் கறுப்பை மடித்து வைத்தேன். பழுப்புச் சட்டை. கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தேன்.

கதவில் புதுத் தாள். அதே படம், அதே பெல்ட்.

பெங்கா ஒயின் பாட்டிலோடு வந்தாள். நீல வண்டியின் முன்கதவைத் திறந்து, சீட்டை ஒரு தட்டுத் தட்டினாள். “கல்லு மாதிரி இருக்கே. அவன் முதுகு இதுல ஒரு நாள் தாங்காது.” உள்ளே போய்ப் பச்சைத் தலையணையை எடுத்துவந்து முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கோதுமைப் பாத்திரத்தை அவள் மடியில் வைத்தேன்.

“மெதுவா ஓட்டு.”

“மெதுவாத்தான்.”

“அந்த ஆளுகிட்டயும் இதைத்தான் சொன்னே.”

பெல்ட்டை இழுத்து அவளையும் பாத்திரத்தையும் சேர்த்து மாட்டினேன். மாட்டும் இடத்தில் ஏதோ தடுத்தது. நகத்தால் கிளறினேன். காய்ந்துபோன ஒரு கோதுமை மணி.

வாயில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.