ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீட்டிய வயர்

ஏனுங்க,

இன்று காலை சட்னி அரைக்கும்போது மிக்சி வயர் கருகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நாற்றம் போகவில்லை. தேங்காயை அப்படியே போட்டுவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஆபரேஷன் அன்று வார்டில் அடித்ததும் இதே நாற்றம்தான்.

வயிற்றைத் திறக்கப்போகிறார்கள், மனிதர் சாமி பேரைச் சொல்வார் என்று பார்த்தால், பைக்குள்ளிருந்து கேம் டப்பாவை எடுத்தீர்கள். காந்திபுரத்தில் கடை கடையாக ஏறி குட்டித் திரை, பட்டன், போர்டு எல்லாம் வாங்கி, நீங்களே உருவாக்கிய கையடக்க விளையாட்டுப் பெட்டி. பேட்டரி வயர் மட்டும் போர்டு வரை எட்டவில்லை. வீடாக இருந்தால் சால்டரிங் கம்பியில் ஈயம் உருக்கி ஒட்டி நீட்டியிருப்பீர்கள். வார்டில் ஆக்சிஜன் ஓடுகிறது, சூடு வைக்கிற சாமான் எதுவும் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"இதுல ஒருக்கா லைட்டு வந்துட்டா, பயமில்லாம உள்ள போயிருவேன் அம்மணி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் உதடு காய்ந்திருந்தது. எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

டிரிப்ஸ் ஏறி உங்கள் கை வீங்கியிருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. வயர் முனையில் தோலை உரித்து, புது வயர்த் துண்டோடு சேர்த்து முறுக்கி, மேலே டேப் சுற்ற வேண்டும். இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். சோமனூர்த் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள், அறுந்த இழையை முடிந்தே வளர்ந்தவள். சிவப்பையும் கறுப்பையும் ஒரே அளவில் நறுக்கி, இழை முடிகிற மாதிரியே அருகருகே முடிச்சுப் போட்டேன். டேப்பை எடுக்கத் திரும்பிய நேரத்தில் இரண்டு முடிச்சும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

பொறி பறந்தது. வயர்த் தோல் புகைந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"பிரிச்சு உடு! பிரிச்சு உடு அம்மணி!"

கறுப்பைப் பிடித்து இழுத்து அறுத்தேன். விரல் நுனி கொப்பளித்துவிட்டது. பேட்டரியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டீர்கள். நல்லவேளை, அது சூடாகவில்லை.

"நூலா அது, முடி போட? முறுக்கி உடு. ஒரு ஜாயிண்டு முன்னால இருந்தா இன்னொண்ணு தள்ளி இருக்கோணும். அப்பத்தான் ஒரசாது."

அதற்குள் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வந்து நின்றார். "போலாங்களா?"

"செத்த இருங்க," என்று அவரிடம் கெஞ்சினீர்கள். நீங்கள் அப்படி யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கறுப்பைச் சற்றுக் கட்டையாக வெட்டி, சிவப்பின் இணைப்பிலிருந்து தள்ளி முறுக்கி, தனித்தனியாக டேப் சுற்றினேன். சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. போர்டில் செருகியிருந்த முனையை உங்கள் கட்டைவிரலால் அழுத்தினீர்கள்.

திரை நீலமாக ஒளிர்ந்தது. அந்த வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுந்ததைப் பார்த்தேன். நீங்கள் ஒரு பட்டனைக்கூட அமுக்கவில்லை. பெட்டியை என் கையில் வைத்து, "நீ ஆடீட்டு இரு கண்ணு, நான் வாரேன்," என்றீர்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து ஆடினேன். எந்தப் பட்டன் எதற்கென்று தெரியாது. திரையிலிருந்த குட்டி மனிதன் ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் விழுந்து செத்தான். எத்தனை முறை விழுந்தானோ, ஒரு தடவை எப்படியோ தாண்டிவிட்டான். முதல் கட்டம் முடிந்தது என்று திரை மின்னியது. நீங்கள் வந்ததும் காட்ட வேண்டுமென்று அணைக்காமலே மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் கதவைத் திறந்து வந்து, உங்களைக் காப்பாற்ற முடியவில்லை என்று என்னிடம் சொன்னபோதும் அது மடியில் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வயர் முறுக்கு இன்றுவரை விட்டுப்போகவில்லை. இப்போது நான் கடைசிக் கட்டம் வரைக்கும் போய்விடுகிறேன். ஒவ்வொரு பள்ளத்தைத் தாண்டியதும், பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தும், "இங்க பாருங்க" என்று வாய் சொல்லிவிடுகிறது.